கொலுசு பூட்டிய கை

கல்யாண மேடையில் மணப்பெண் இருக்கிறாள். ஊரைவிட்டுப் போய் இருபது வருடங்களுக்கு மேலாகித் திரும்பிவந்த அண்ணன் ஒருவர், கூட்டத்தைக் கண்டு கூசிக்கொண்டே மேடையேறுகிறார். தங்கைக்கென்று வாங்கிவந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டிவிடுகிறார். அவள் காலடியில் குனிந்து கொலுசும் போட்டுவிடுகிறார். அந்த இடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அழுகை நிற்கவில்லை. நான் படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

படம் ‘மெய்யழகன்’. அந்த அண்ணன் அரவிந்த்சாமி. அக்காவுக்கு அது முதல் தடவை, எனக்கு ஏழாவது. வெளியே எங்கள் ஊரான சல்லியின் கடல் இரைந்துகொண்டிருந்தது. முத்துமாரி அம்மன் கோயில் பக்கமிருந்து காற்றில் மணிச்சத்தம் வந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன், இந்த மனிதரைப் பற்றி எழுதத்தான் வேண்டும் என்று. முப்பது வருடமாக மனதுக்குள் வைத்திருந்ததை முழுவதும் கொட்டிவிடுகிறேன்.

அக்கா என் பெரியம்மாவின் மூத்த மகள். 1990இல் சண்டைக்குப் பயந்து ஊரே ஓடியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர். 1993இல் நாங்கள் திருகோணமலை நகரத்தில் சொந்தக்காரர் வீடொன்றில் ஒண்டியிருந்தோம். எனக்குப் பதினைந்து வயது, அக்காவுக்குப் பதினெட்டு. ஒரு சனிக்கிழமை, ஆளுக்குக் கொஞ்சம் காசு சேர்த்து, டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் போட்டார்கள். இரண்டாவது படம் ‘ரோஜா’.

அந்த இரவை எப்படிச் சொல்வது! அதுவரை நாங்கள் கண்ட கதாநாயகர்கள் அடிப்பார்கள், உதைப்பார்கள், பஞ்ச் வசனம் பேசுவார்கள். இவர் வந்தார். வெள்ளைச் சட்டை, அடங்கிய குரல், ஒரு சிரிப்பு. கட்டிய மனைவியிடம் மெதுவாகக் கதைக்கிற ஆண். ஆண் என்றாலே சத்தம் என்று நினைத்திருந்த எங்களுக்கு, அதுவும் வெளியே பூட்ஸ் சத்தமும் உள்ளே பெரியவர்களின் பதற்றமுமாக வளர்ந்த பெட்டைகளுக்கு, அந்த மெதுவான குரல் ஒரு நிழல்போல இருந்தது. அக்கா மறுநாளே ஓர் இந்திய சினிமாப் புத்தகத்திலிருந்து அவர் படத்தை வெட்டி எடுத்துத் தன் தகரப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்தார். அக்கா மட்டுமா? ‘அரவிந்த்சாமி மாதிரி மாப்பிள்ளை’ என்பது கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கல்யாணப் பேச்சுகளில் ஓர் அளவுகோலாகவே ஆகிவிட்டது.

அவர் வந்த வழியைச் சொல்லவேண்டும். ஒரு விளம்பரத்தில் கண்டு இயக்குநர் மணிரத்னம் அழைத்தவர். 1991இல் ‘தளபதி’யில் ரஜினிகாந்துக்கும் மம்மூட்டிக்கும் எதிரே, கலெக்டர் அர்ஜுனாக நின்றபோது வயது இருபத்தொன்று. மறுவருடம் ‘ரோஜா’. 1993இல் பாலுமகேந்திராவின் ‘மறுபடியும்’. 1995இல் ‘பம்பாய்’. இதை ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொப்பிக்குள் ஒளித்துவைத்த இந்த முகம் நடித்தது பெரும்பாலும் காதலன் வேடம்கூட இல்லை. ‘ரோஜா’வில் கணவன். ‘பம்பாய்’ முடிவதற்குள் இரட்டைப் பிள்ளைகளுக்குத் தகப்பன். எங்கள் வயதுப் பெண்கள் மயங்கியது ஒரு துள்ளல்காரனிடம் இல்லை, ஒரு வீட்டுக்காரனிடம். வீடு இழந்த எங்களுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று இப்போதுதான் விளங்குகிறது.

அங்கேதான் அவருக்கு வினையும் இருந்தது. ஒரு முகம் இவ்வளவு பேருக்கு இவ்வளவு பிடித்துவிட்டால், அந்த முகத்தைத் தவிர வேறொன்றையும் அந்த மனிதரிடம் யாரும் கேட்கமாட்டார்கள். ‘மின்சார கனவு’ 1997இல் வந்தது. அதில் அவர் தாமஸ். காதலித்த பெண்ணைப் பிரபுதேவாவிடம் விட்டுக்கொடுத்து, கடைசியில் பாதிரியார் ஆகிவிடுவார். அன்றைக்குப் பெட்டைகள் நாங்கள் கொதித்துப்போனோம். அரவிந்த்சாமியை ஒரு பெண் வேண்டாம் என்று சொல்வதா! 1999இல் ‘என் சுவாசக் காற்றே’. 2000இல் ‘அலைபாயுதே’யில் சில நிமிட வேடம். அந்தப் படத்தின் நாயகன் மாதவன் அடுத்த தலைமுறைப் பெண்பிள்ளைகளின் கொப்பிகளுக்குள் போய்ச் சேர்ந்தார். வாசல்வரை வந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதுபோல அரவிந்த்சாமி சினிமாவை விட்டே போய்விட்டார்.

தனக்குக் கிடைத்த அந்த ஆரவாரமே சங்கடமாக இருந்தது என்று அவர் பின்னாளில் பேட்டிகளில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். தொழிலில் இறங்கினார். பிறகு 2005இல் ஒரு விபத்து. முதுகெலும்பில் அடி, காலில் பகுதி முடக்கம், வருடக்கணக்கில் வைத்தியம். உடம்பு ஏறியது, தலைமயிர் குறைந்தது. ஊரெல்லாம் அழகுக்கு உதாரணம் காட்டிய உடம்பு அது. எழும்பி நடப்பதே பெரும்பாடாகிப்போன ஒருவரைப் பற்றி நாங்கள் இங்கே ஒன்றும் அறியவில்லை. அறிகிற நிலையிலும் இல்லை. 2004 மார்கழியில் சுனாமி அலை வந்தது. சல்லியில் கரையோரம் இருந்த எங்கள் வீட்டில் அத்திவாரம்தான் மிஞ்சியது. 2006இல் மாவிலாற்றில் மறுபடி சண்டை தொடங்கியது. அக்கா 1996இலேயே கனடா போய்விட்டார். படம் பார்க்கிற மனம் யாருக்கு இருந்தது?

2013இல் ‘கடல்’ வந்தது.

தம்பிமுறையான பெடியன் ஒருவன் டீவீடி கொண்டுவந்தான். மீனவக் குடியிருப்பைப் பற்றிய படம் என்றதும் எங்கள் வளவில் இருபது பேர் கூடிவிட்டார்கள். கரைவலை இழுத்துக் கை காய்த்த மாமா முன்வரிசையில். ஒரு பாதிரியார் வருகிறார், ஃபாதர் சாம். இடிந்துபோன கோயில், கவனிக்க ஆளில்லாத ஊர், யாருக்கும் வேண்டாத ஒரு பிள்ளை. நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்த முகம். கண்ணருகே சுருக்கம், நெற்றி ஏறியிருந்தது. பிறகுதான் உறைத்தது, இது அவர்!

இன்னொன்றும் உறைத்தது. 1997இல் தாமஸ் என்ற பெயரோடு பாதிரியார் ஆகிப்போன அரவிந்த்சாமி, பதினாறு வருடம் கழித்து அதே பாதிரியார் அங்கியோடு திரும்பிவருகிறார். அவர் வளர்த்தெடுக்கிற அநாதைப் பையனின் பெயர் தாமஸ்! இரண்டும் வேறு வேறு இயக்குநர்களின் படங்கள். யாரும் திட்டமிட்டிருக்க நியாயமில்லை. ஆனாலும் எனக்கு மெய்சிலிர்த்தது. தன் இளமையைத் தானே கைப்பிடித்து நடத்திக்கொண்டு வருகிறவர்போல இருந்தார்.

படம் ஓடவில்லை என்றார்கள். ஓடாவிட்டால் என்ன! அந்தப் பையனுக்கு முன்னால் அவர் முழங்காலை மடக்கி உட்கார்ந்து கதைக்கிற விதத்தைப் பார்த்த மாமா, “இந்தாள் உண்மையாக் கதைக்குது” என்றார். மாமா வாயிலிருந்து சினிமாவைப் பற்றி நான் கேட்ட ஒரே பாராட்டு அதுதான். இந்த வேடத்துக்காக அவர் உடம்பைக் குறைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டு வந்தார் என்று பிறகு வாசித்தேன். முதுகுநோயிலிருந்து எழும்பியவர் அப்படிக் குனிகிறார் என்று தெரிந்தபின் அந்தக் காட்சியை இன்னொரு தடவை பார்த்தேன். குனிவதற்கே ஒரு விலை உண்டு என்பது அந்த உடம்பில் தெரிகிறது.

அடுத்து வந்தது 2015 ஆகஸ்ட் 28. ‘தனி ஒருவன்’! நகரத்துப் படமாளிகையில் பார்த்தேன். மோகன் ராஜா இயக்கம், ஜெயம் ரவி நாயகன். ஆனால் அந்த மண்டபம் முழுவதும் யாருடையது என்று அங்கே இருந்தவர்களைக் கேளுங்கள். சித்தார்த் அபிமன்யு என்ற விஞ்ஞானி. கோட் சூட், பட்டம், பதவி, மருந்துக் கம்பனி. அவர் சிரிக்கிறார். அது ‘ரோஜா’வில் சிரித்த அதே சிரிப்பு! ஒரு மயிரிழைகூட மாற்றவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இப்போது கொலை இருக்கிறது. எனக்கு முதுகுத்தண்டு குளிர்ந்தது. பின்வரிசைப் பெடியன்கள் வில்லனுக்கு விசிலடித்தார்கள். நானும் கைதட்டினேன், கை சிவக்கத் தட்டினேன்.

பழைய முகத்திலிருந்து தப்ப நினைக்கிற நடிகர்கள் வழக்கமாக அதை மறைப்பார்கள். தாடி வளர்ப்பார்கள், அழுக்குப் பூசுவார்கள், குரலை உடைப்பார்கள். அரவிந்த்சாமி மறைக்கவே இல்லை. இந்தச் சிரிப்பை நீங்கள் எவ்வளவு நம்பினீர்கள் என்று எனக்குத் தெரியும், அந்த நம்பிக்கையை வைத்தே உங்களை ஏமாற்றிக் காட்டுகிறேன் என்றார். இருபது வருடமாக ரசிகைகள் சேர்த்துவைத்த அன்பு முழுவதையும் எடுத்து அந்த ஒரு வேடத்தில் செலவழித்தார். வேறு எந்த நடிகர் அந்த வேடத்தைச் செய்திருந்தாலும் சித்தார்த் அபிமன்யு வெறும் வில்லன்தான். இவர் செய்ததால் அது துரோகம். துரோகம்தானே கூட வலிக்கும்?

அதற்குப் பிறகு அவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. 2016இல் அதே வேடத்தைத் தெலுங்கில் ‘துருவா’வில் செய்தார். 2017இல் ‘போகன்’. கூடுவிட்டுக் கூடு பாய்கிற கதை. தன் உடம்புக்குள் இன்னொருவர் புகுந்திருப்பதாக நடிக்கவேண்டும். கையசைவு, கழுத்துத் திருப்பம், கண்ணிமைக்கிற வேகம் எல்லாம் ஜெயம் ரவியுடையதாக மாறும். 2018இல் ‘செக்கச் சிவந்த வானம்’. அதில் மூத்த மகன் வரதன், முரடன். ‘பம்பாய்’ தந்த மணிரத்னமே அந்தப் பண்பான கணவனைப் பிடித்து இப்படி ஆக்கிக் காட்டுகிறார், இவரும் தயங்காமல் ஆகிக்காட்டுகிறார். 2021இல் ‘தலைவி’யில் எம்.ஜி.ஆரை நினைவூட்டும் வேடம். கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆரை எங்கள் ஊரில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்த வீடுகள் உண்டு. அவரைப்போலச் செய்து எங்களிடம் தப்புவது லேசில்லை. இவர் தப்பினார். அதே வருடம் ‘நவரசா’ தொகுப்பில் ‘ரௌத்திரம்’ பகுதியை இயக்கி, கமெராவின் அந்தப் பக்கமும் போய் நின்றார்.

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. 1994இல் வந்த ‘லயன் கிங்’ படத்தின் தமிழ்க்குரலில் சிம்பா என்ற இளஞ்சிங்கத்துக்குப் பேசியவர் அரவிந்த்சாமி. 2019இல் அந்தப் படம் புதிதாக வந்தபோது, சிம்பாவுக்குப் பேசியவர் சித்தார்த். கெட்ட சிற்றப்பன் ஸ்காருக்குப் பேசியவர் அரவிந்த்சாமி! பட்டத்து இளவரசனாக வந்தவர் கால் நூற்றாண்டு கழித்து, பட்டத்தைப் பறிக்க வருகிறவனின் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய நடிப்பு வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இளவயதில் ரசிகர் தூக்கிவைத்த எல்லோருக்கும் இந்தப் பாடு உண்டு. அமெரிக்காவில் ரிக்கி நெல்சன் என்ற பாடகர் பிள்ளைப்பருவத்திலிருந்தே பெட்டைகளின் செல்லம். 1971இல் நியூயோர்க்கின் மடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில், நீண்ட தலைமயிரோடு புதுமாதிரிப் பாடல்களைப் பாடியபோது கூட்டத்தில் கூச்சல் எழும்பியது. பழைய பையனைத்தான் அவர்கள் தேடிவந்திருந்தார்கள். அவர் அந்த வலியையே ஒரு பாட்டாக்கினார். 1972இல் வந்த அந்தப் பாட்டு பெருவெற்றி. எங்கள் பக்கத்தில் காதல் இளவரசன் என்று கூப்பிடப்பட்ட கமல்ஹாசன் 1987இல் ‘நாயகன்’ செய்து முதுமையைத் தானே கூப்பிட்டுத் தன் முகத்தில் உட்காரவைத்தார். ‘அலைபாயுதே’ மாதவன் 2016இல் ‘இறுதிச்சுற்று’க்காக உடம்பை முறுக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் என் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் விட்டுவிட்டுப் போய், விழுந்து, படுத்துக் கிடந்து, உடம்பு உருமாறி, அந்த உருமாற்றத்தோடேயே வந்து நின்றவர் என்றால் என் மனம் அரவிந்த்சாமியைத்தான் காட்டும்.

இப்போது ‘மெய்யழகன்’. 2024 செப்டம்பர் 27இல் வெளியானது. ‘96’ செய்த பிரேம்குமாரின் படம், கோவிந்த் வசந்தாவின் இசை. படத்தின் நீளம் போதாதென்று சண்டை பிடிக்கிறவள் நான். வெளியானபின் ஏறக்குறைய 18 நிமிடத்தைக் குறைத்தார்கள் என்று கேள்விப்பட்டு உண்மையாகவே கவலைப்பட்டேன்.

கதை சின்னது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து 1996இல் சென்னைக்குப் போன குடும்பம். மகன் அருள்மொழியாக அரவிந்த்சாமி. இருபத்திரண்டு வருடம் கழித்து, தங்கை கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். மண்டபத்தில் கார்த்தி, “அத்தான்” என்று ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார். யார் இவன் என்று அருளுக்கு ஞாபகமே இல்லை. கேட்கவும் வெட்கம். அவ்வளவுதான்!

அந்த வெட்கத்தை அரவிந்த்சாமி நடித்திருக்கிறாரே, அதற்குத்தான் நான் ஏழு தடவை உட்கார்ந்தேன். கார்த்தி கடல் மாதிரி, பேசிப் பேசிப் பொங்கிக்கொண்டே இருக்கிறார். இவர் கரை மாதிரி வாங்கிக்கொண்டே இருக்கிறார். தெரிந்ததுபோலத் தலையாட்டும்போது கண் மட்டும் ஒரு கணம் பின்வாங்கும். இலையில் அன்பாகப் பரிமாறப் பரிமாற, சாப்பிடுகிற வாய்க்கும் கலங்குகிற கண்ணுக்கும் நடுவில் முகம் மாட்டிக்கொள்ளும். கேட்பதே வேலையான ஒரு வேடத்தை ஏற்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! இளவயதில் ஊரே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்க நின்றவர், இப்போது இன்னொரு நடிகரைப் பார்த்துக்கொண்டிருப்பதையே தன் நடிப்பாக்கியிருக்கிறார். அந்த இரவுப் பேச்சில் எங்கள் நாட்டுச் சண்டையின் துயரமும் வருகிறது. அந்த இடத்தில் அவர் ஒன்றும் சொல்வதில்லை. அந்த மௌனம் எனக்குப் போதும். பின்னணியில் கமல்ஹாசன் குரலில் பாட்டு எழும்போது, ஒரு முன்னாள் காதல் இளவரசன் இன்னொருவருக்காகப் பாடுகிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சரி, அக்காவுக்கு வருகிறேன். கோயில் பொங்கலுக்கென்று பல வருடங்களுக்குப் பிறகு அக்கா வந்திருந்தார். சாம்பல்தீவுப் பாலம் தாண்டும்போதே வாகனத்துக்குள் பேச்சு நின்றுவிட்டதாம். இங்கே வந்து இறங்கியபோது ஊரில் பாதிப்பேரை அக்காவுக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் வந்து கையைப் பிடித்து, “என்னைத் தெரியுதா அக்கா?” என்று கேட்க, அவர் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். ஆறு தடவை படத்தில் பார்த்திருக்கிறேனே! அன்றிரவே படத்தைப் போட்டுவிட்டேன்.

தண்ணீர் குடித்து முடித்து, அழுகை அடங்கி, மிச்சப் படத்தையும் பார்த்து முடித்தோம். பெயரை மறந்துபோன குற்றவுணர்ச்சி தாங்காமல் அருள் விடிவதற்குள் சொல்லாமல் புறப்பட்டுப்போகிற இடத்தில் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார், 1990இல் பிடித்ததுபோல. கடைசியில் அந்தப் பெயர் ஞாபகம் வரும்போது விட்டார்.

கன நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்.

“அந்தத் தகரப் பெட்டி எங்கயடி? மூடியில இவரின்ர படம் ஒட்டியிருந்தனே?”

“அது 2004இலயே கடல் கொண்டுபோட்டுது அக்கா.”

அக்கா டீவியைப் பார்த்தார். நிறுத்திவைத்த திரையில் அந்த முகம் இருந்தது. நரை தட்டிய, கண்ணடியில் பை விழுந்த, அழுது முடித்த ஒரு நடுவயது மனிதரின் முகம்.

“போகட்டும்,” என்றார். “அது வெறும் வடிவு. இதுதான் முகம்.”

அடுத்த நாள் காலையில் அக்கா கோயிலுக்குப் போகவில்லை. முதலில் வளவு வளவாகப் போய், “எனக்கு மறந்துபோச்சு, உன்ர பெயரைச் சொல்லு பிள்ளை” என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார்.